மொட்டை மாடித் தண்ணீருக்கும் சேர்த்தா பாதாளச் சாக்கடை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் பாதாளச் சாக்கடை விரிவாக்கம் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். மழை பெய்தால் மேன்ஹோல் பொங்கித் தெருவெல்லாம் ஓடுகிறது, அதனால் இருக்கிற குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் பெரிய குழாய் போடப் போகிறார்கள், பம்பிங் ஸ்டேஷனிலும் மோட்டாரை மாற்றப் போகிறார்கள் என்று இருந்தது. படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி ஒன்றுதான். பொங்குவது எங்கள் வீட்டுக் கழிவுநீரா, மழைத் தண்ணீரா, அதை யாராவது அளந்து பார்த்தார்களா? செய்தியில் அது இல்லை. செய்தியாளரைக் குறை சொல்லவில்லை, திட்ட அறிக்கையிலேயே அது ஒரு வரிக்கு மேல் இருக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதிரி வரிகளை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ஊர் ஊராகக் கழிவுநீர்த் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு எப்படிப் போடுவோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு வழிகாட்டும் மத்திய அரசின் தொழில்நுட்ப அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ. போட்ட கையேடு என்று ஒன்று உண்டு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் வேதம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுக்கிறோம், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும், ஆக 108 லிட்டர். 30 வருஷம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று மக்கள்தொகையை நீட்டிப் பார்த்து அதால் பெருக்கினால் ஒரு நாள் சராசரி கிடைக்கும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்துப் பாத்திரம் தேய்த்து ஆபீசுக்கு ஓடுவதால் அந்தச் சராசரியை இன்னொரு எண்ணால் பெருக்கி உச்ச ஓட்டம் என்று எடுப்போம். 20,000 பேர் வரை உள்ள பகுதிக்கு அந்த எண் 3, ஏழரை லட்சத்தைத் தாண்டினால் 2. அந்த உச்ச ஓட்டத்திலும் குழாய் முழுக்க நிரம்பிவிடக் கூடாது, உயரத்தில் பத்தில் எட்டுப் பங்கு வரைதான் தண்ணீர், மிச்சம் காற்றுக்கு.

இது வரை சரி. அப்புறம் வருவதுதான் விஷயம்.

பூமிக்குள் இருக்கும் குழாய்க்குள் நிலத்தடி நீரும் கசிந்து வரும். இணைப்பு விட்ட இடம், கீறல், செங்கல் மேன்ஹோலின் பூச்சு உதிர்ந்த சுவர் என்று அதற்கு வழி பல. இன்ஃபில்ட்ரேஷன் என்போம். இதற்குக் கையேடு கொடுக்கும் அளவு என்ன தெரியுமா? ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு ஒரு நாளைக்கு 500 லிட்டரிலிருந்து 5,000 லிட்டர் வரை. ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் 5,000 லிட்டரிலிருந்து 50,000 லிட்டர் வரை. கல்யாணத்துக்கு நூறு பேரிலிருந்து ஆயிரம் பேர் வரை வருவார்கள் என்று சமையல்காரரிடம் சொல்வது மாதிரி. கையேட்டை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. மண்ணும் நீர்மட்டமும் ஊருக்கு ஊர் வேறு, நீங்கள் உங்கள் ஊரில் அளந்துகொள்ளுங்கள் என்பதுதான் அந்த இடைவெளிக்கு அர்த்தம். ஆனால் 2013 பதிப்பில், இந்தக் கசிவு நீரை மொத்தக் கழிவுநீரில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. அது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. கடற்கரை ஊரா, 10 சதவீதம். பாறை மேல் இருக்கும் ஊரா, அதற்கும் 10 சதவீதம். ஒரு தடவை ஒரு ஊருக்கு நான் 10 என்று எழுதியதைப் பார்த்துவிட்டு மேலே இருந்தவர் "ஏன் இந்த எண்?" என்று கேட்டார். "போன திட்டத்திலும் அதுதான் சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருவருக்கும் அன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அந்தப் பத்து சதவீதமாவது தாளில் இருக்கிறது. தெருவிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் நேராகச் சாக்கடைக்குள் இறங்கும் மழைத் தண்ணீருக்குக் கணக்கில் என்ன எண் தெரியுமா? பூஜ்யம். மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய் என்பது நம் முறை. ஆகவே மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் வராது, வரக் கூடாது, வந்தால் அது சட்ட விரோதம், ஆகவே பூஜ்யம்!

அந்தப் பூஜ்யம் எவ்வளவு பெரியது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடி, அதாவது ஏறக்குறைய 1,075 சதுர அடி, நடுத்தர வீடுதான். ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது நம் கடலோரத்துக்கு அதிசயம் இல்லை. 5,000 லிட்டர் ஆயிற்று. அந்த வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒரு நாள் முழுவதும் அவர்கள் விடும் கழிவுநீர் 432 லிட்டர். ஒரு மணி நேர மழை, அந்தக் குடும்பத்தின் பதினோரு நாள் கழிவுநீரைத் தாண்டிவிடுகிறது. உச்ச ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இன்னும் மோசம். 432-ஐ 24 மணி நேரத்துக்கு வகுத்து 3-ஆல் பெருக்கினால் மணிக்கு 54 லிட்டர். ஒரு வீட்டு மாடிக் குழாயைச் சாக்கடையில் சேர்த்தால், தொண்ணூறு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் குளிக்கும் தண்ணீரைச் சேர்த்த மாதிரி.

இதையே 20,000 பேர், 5,000 வீடு உள்ள ஒரு பகுதிக்குப் போடுவோம். ஒரு நாள் கழிவுநீர் 21.6 லட்சம் லிட்டர், உச்ச ஓட்டம் நொடிக்கு 75 லிட்டர். நாங்கள் எழுதும் 10 சதவீதக் கசிவு நொடிக்கு வெறும் இரண்டரை லிட்டர். நூறு வீட்டுக்கு ஐந்து வீடு, மொத்தம் 250 வீடு மட்டும் மாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே 50 மில்லிமீட்டர் மழையில் வருவது நொடிக்கு ஏறக்குறைய 350 லிட்டர். மாடியில் தேங்குவது, வழியில் தாமதமாவது என்று தாராளமாகக் கழித்துப் பாதியாக்கினாலும் குழாய் தாங்கும் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதில் தெருத் தண்ணீரை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நூற்றுக்கு ஐந்து வீடு என்பது அதிகமாகத் தோன்றுகிறதா? உங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். துணி துவைக்கிற கல் எங்கே இருக்கிறது? வானம் பார்த்த பின்கட்டில். அந்தத் தண்ணீர் போகிற சல்லடை எதில் சேர்கிறது? சேம்பரில், அதாவது வீட்டுச் சாக்கடை இணைப்புத் தொட்டியில். பின்கட்டில் விழும் மழை முழுக்க அந்தச் சல்லடை வழியாகத்தான் போகும், வீட்டுக்காரருக்கு அது தப்பு என்றே தெரியாது. புதிய அடுக்குமாடிகளில் தரைக்குக் கீழே கார் நிறுத்துமிடம் கட்டியிருக்கிறார்கள், மழைக்காலத்தில் சுவரில் ஊறி வரும் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் ராத்திரி பகலாக இறைத்து எங்கே விடுகிறது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். ரோடு போடும் போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்ட தெருக்கள் எத்தனை! அந்த வீட்டுக்காரர் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது சேம்பர் மூடியைத் தூக்கிவிடுவாரே தவிர, திட்ட அறிக்கையில் பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார். நடுத்தெரு மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பி, பக்கத்தில் ஒரு மரக்கிளையைச் செருகி வைத்து, தெருத் தண்ணீரை உள்ளே விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், சில சமயம் அதைச் செய்பவர் காக்கிச் சட்டையில்தான் இருப்பார். தண்ணீரோடு மணலும் பிளாஸ்டிக் கவரும் உள்ளே போகும். பத்து நிமிஷத்தில் அந்தத் தெரு வடிந்துவிடும், நாலு தெரு தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கக்கூஸ் வழியாக அது மேலே வரும்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முன்பக்கத்து மாடிக் குழாயை ஒரு தொட்டிக்கு விட்டோம், பார்க்க வந்தவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பின்பக்கத்துக் குழாய் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் பொழுது போகாமல் மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து பின்பக்கத்துக் குழாயில் ஊற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து சேம்பரைத் திறந்து பார்த்தேன். நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் பூஜ்யம் என்று எழுதியவன் வீட்டிலிருந்தே மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர். பிளம்பர் அரை நாளில் அதைத் திருப்பித் தொட்டிக்கு விட்டுவிட்டார். என் மனைவி, "இத்தனை நாள் ஆபீசில் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, தண்ணீர் வருகிறது, பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் போகிறது, காசுதானே என்று சிலர் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். சாக்கடைக் குழாய் என்பது ஓடும் வேகத்திலேயே தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியது. ஒரு நாளில் ஒரு தடவையாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைக்க வேண்டும் என்பது விதி. மழைக்காக நாலு மடங்கு பெரிதாகப் போட்ட குழாயில் சித்திரையில் என்ன ஓடும்? அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், அதுவும் நகராது. மணல் தங்கும், கழிவு அழுகும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அந்த வாயு குழாயின் மேல்பகுதி ஈரத்தில் அமிலமாக மாறி கான்கிரீட்டைத் தின்னும், அந்த அடைப்பை எடுக்க உள்ளே இறங்கும் மனிதரைக் கொல்லும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியது, சாவு மட்டும் நின்றபாடில்லை. ஆகவே குறைத்து எழுதினால் பொங்கும், கூட்டி எழுதினால் அடைக்கும். தோராயமாக ஒரு எண்ணைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாத இடம் இது.

சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இதே கதைதான். அங்கே கழிவைத் தின்பது நுண்ணுயிர்கள், அவற்றுக்குச் சாப்பாடு ஒரே சீராக வர வேண்டும். திடீரென்று நாலு மடங்கு தண்ணீர் வந்தால் அந்த உயிர்களே சேற்றோடு அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மழை விட்ட பிறகும் நிலையம் தேற நாளாகும்.

கணிப்புப் பொய்த்துப் போவது புதிதல்ல. சென்னைக்கு 1910-ல் சாக்கடையை வடிவமைத்தபோது 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 114 லிட்டர் என்று வைத்துத்தான் போட்டார்கள். 1961-ல் கணக்கெடுத்தபோது நகரத்தில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஊர் எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை மன்னிக்கலாம். ஆனால் இன்றைக்கு, இந்த மழைக்காலத்தில், இருக்கிற குழாயில் எவ்வளவு வேண்டாத தண்ணீர் ஓடுகிறது என்பது கணிப்பு இல்லை. போய்ப் பார்த்தால் தெரியும்.

போய்ப் பார்ப்பதற்குப் பெரிய கருவி கூட ஆரம்பத்தில் வேண்டாம். எல்லாப் பம்பிங் ஸ்டேஷனிலும் ஒரு லாக் புத்தகம் இருக்கும், மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது என்று ஆபரேட்டர் எழுதிவைத்திருப்பார். பங்குனி, சித்திரை மாதப் பக்கங்களையும் ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, மோட்டார் ஓடிய மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மழை ஆரம்பித்த அரை மணி, ஒரு மணிக்குள் ஓட்டம் எகிறி, மழை விட்ட சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் அது மாடித் தண்ணீர், தெருத் தண்ணீர். மழை விட்டு நாலு நாள், ஒரு வாரம் ஆகியும் சித்திரை அளவுக்கு இறங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது நிலத்தடி நீர், குழாய் ஓட்டை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதுக்கு வீட்டு இணைப்பைத் திருத்த வேண்டும், இரண்டாவதுக்குக் குழாயையும் மேன்ஹோலையும் பழுது பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு 10 சதவீதம் என்று எழுதினால் எதையும் திருத்த முடியாது.

ஓட்டையுள்ள குழாயைப் பற்றி இன்னொன்று. ஐப்பசியில் நிலத்தடி நீரை உள்ளே விடும் அதே கீறல், நீர்மட்டம் இறங்கிய கோடையில் சாக்கடையை வெளியே விடும். பக்கத்தில் நம் போர்வெல்.

லாக் புத்தகத்தில் சில பொறிகளும் உண்டு, என் போன்றவர்கள் அதில் விழுவதுண்டு. பழைய மோட்டார் பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் அளவுக்கு இறைக்காது, அதனால் பம்பிங் ஸ்டேஷனில் கழிவுநீர் வந்து சேரும் கிணற்றில் தண்ணீர் ஏறும் இறங்கும் நேரத்தை வாட்சில் பார்த்து உண்மையான அளவைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பெருமழை நாளில் மோட்டார் 24 மணி நேரமும் ஓடியதாகத்தான் புத்தகம் சொல்லும், தெருவில் பொங்கி ஓடியது அதில் வராது, அதற்கு மேல்பக்கத்து மேன்ஹோல்களில் நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும். அப்புறம், ராத்திரி மூன்று மணிக்கு ஓடுவதெல்லாம் கசிவு நீர்தான் என்று வெளிநாட்டுப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து நம் ஊரில் அளந்தால் ஏமாந்துபோவோம், நகராட்சிக் குடிநீர் அந்த நேரத்தில்தான் வரும், பாதித் தெரு விழித்திருக்கும், மோட்டாரை நிறுத்த மறந்தவர் வீட்டு மேல்நிலைத் தொட்டி வழிந்து அந்தத் தண்ணீரும் மாடிக் குழாய் வழியாகச் சேம்பருக்கு வரும். குடிநீர் விடாத நாளாகப் பார்த்து அளக்க வேண்டும். இதோடு, கழிவுநீர் வரும் அளவே 135 லிட்டரை நம்பியது, சொந்தப் போர்வெல்லும் லாரித் தண்ணீரும் வாங்குகிற வீடுகளில் அது எந்த அளவு என்று மீட்டர் இல்லாமல் சொல்லவே முடியாது. அந்தக் கோடைக்கால அளவீடு இதையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும், அதுவே பெரிய லாபம்.

எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு வீடு வீடாகத் தேடப் புகைச் சோதனை இருக்கிறது. இரண்டு மேன்ஹோலுக்கு நடுவில் குழாயை அடைத்து, விஷமில்லாத புகையை உள்ளே ஊதினால், எந்த வீட்டு மாடிக் குழாய் சாக்கடையோடு சேர்ந்திருக்கிறதோ அந்த மாடியில் புகை வரும். முன்னாலேயே தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அமெரிக்காவில் இதெல்லாம் ஐம்பது வருஷத்துப் பழைய சமாச்சாரம். 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்திலேயே, உன் குழாய்களில் வேண்டாத தண்ணீர் அளவுக்கு மீறி வரவில்லை என்று காட்டாவிட்டால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மத்திய மானியம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். அங்கேயும் பொங்குகிறது, ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் காசு கேட்கப் போகும் முன் அளந்து காட்டு என்கிற அந்த ஒரு ஒழுங்கு நமக்கும் ஆகும்.

எங்கள் நகராட்சியிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். டெண்டர் விடுவதற்கு முன் ஒரு கோடை, ஒரு மழைக்காலம் அளக்கட்டும். திட்ட அறிக்கையில் கசிவு நீருக்கு ஒரு எண், மழைநீருக்கு ஒரு எண் என்று தனித்தனியாக, எங்கே எப்போது அளந்தது என்ற விவரத்தோடு போடட்டும், அந்தப் பக்கத்தை வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். மாடிக் குழாயைச் சாக்கடையில் விட்டவர்களுக்கு முதலில் அபராதம் வேண்டாம், ஆறு மாதம் அவகாசமும் ஒரு பிளம்பரும் கொடுத்தால் போதும், என்னைப் போல் தெரியாமல் விட்டவர்களே அதிகம். ஆனால் அதற்கும் முன்னால், மழைநீர் வடிகால் இல்லாத தெருக்களுக்கு வடிகால் வர வேண்டும். மாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடாதே என்று சொன்னால், பின்னே எங்கே விட என்று அவர் கேட்பார், வாசலில் வடிகாலே இல்லாதவரிடம் அதற்கு என்ன பதில் சொல்வது?

லாக் புத்தகத்தின் நகலைக் கொடுத்தால் கூட்டிக் கழித்து எழுதிக் கொடுக்க என்னைப் போல ரிட்டயர் ஆன இன்னும் இரண்டு பேர் தயாராக இருக்கிறோம். காசு வேண்டாம். ஐப்பசிக்கு முன்னால் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்